ஒரு நாலணாவும் பத்து ரூபாய் ஃபியூஸும்

கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இன்று சாயங்காலம் வண்டியை வீட்டில் நிறுத்தியதும், அதன் ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர். முடியவில்லை என்றால் போன வருடம் வரை நான் இருந்த கட்சியில்தான் நீங்களும் இருக்கிறீர்கள்.

அந்தக் கட்சியில் இருந்ததில் மற்றவர்களைவிட எனக்கு வெட்கம் கூடுதல். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்துமூன்று வருட சர்வீஸ். ராத்திரி இரண்டு மணிக்கு ‘ஃபியூஸ் ஆஃப் கால்’ என்று யாராவது வந்து நின்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவன். எத்தனை வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி கட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. அப்படிப்பட்டவன் என் காரில் போன ஒரு ஃபியூஸை மூன்று மாதம் கண்டுகொள்ளாமல் விட்டேன். அதற்கு விலை கொடுத்தவள் என் மனைவி.

கியர் கம்பிக்கு முன்னால் வட்டமாக ஒரு குழி இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிகரெட் பற்றவைக்கும் லைட்டருக்காக ஒரு காலத்தில் வைத்தது. லைட்டர் போய்விட்டது, குழி மட்டும் இருக்கிறது. அதில் சார்ஜரைச் செருகித்தான் போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறோம். போன சித்திரையில் ஒரு நாள் எங்கள் காரில் அது வேலை செய்யவில்லை. சார்ஜரில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை. சார்ஜர்தான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் எரியவில்லை.

வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோது சொன்னேன். பையன் பார்த்துவிட்டு வந்து, “சாக்கெட் அசெம்ப்ளியே மாத்தணும் சார். நடுவுல இருக்கிற கன்சோலைக் கழட்டி வயரிங்கும் பாக்கணும். நாலாயிரத்து எண்ணூறு வரும்” என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதே சமயத்தில் பக்கக் கண்ணாடியை உள்ளிருந்தே திருப்பும் பொத்தானும் வேலை செய்யவில்லை. வண்டிக்கு வயதாகிறது, எனக்கும் வயதாகிறது என்று கையாலேயே கண்ணாடியைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் பழைய சக ஊழியர்கள் யாராவது இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் கரண்ட் போனால் வயர்மேன் எதைப் பார்ப்பான்? இரண்டு வீட்டுக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அதைப் பார்ப்பான். இது முதல் மாதத்தில் கற்றுக்கொண்ட பாடம். கார் என்றதும் அந்தப் பாடம் மறந்துவிட்டது. இப்போது வருகிற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர், நாம் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். பயம் என்று ஒத்துக்கொள்ளாமல் ‘பார்த்துக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மதுரையிலிருந்து போன் வந்தது. என் மனைவியின் அண்ணனுக்கு நெஞ்சுவலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடனே பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். அவள் போனில் சார்ஜ் சுத்தமாக இல்லை, என் போனில் பதினெட்டு சதவீதம். கயத்தாறு தாண்டியதும் மச்சானின் மகன் கூப்பிட்டான். “மாமா, இங்க வசதி போதாதுன்னு சொல்றாங்க. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துறோம். எந்த ஆஸ்பத்திரின்னு அரை மணியில சொல்றேன்” என்றான். அவன் அடுத்துக் கூப்பிடுவதற்குள் கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் போன் அணைந்துவிட்டது.

மதுரை எவ்வளவு பெரிய ஊர், அதில் எத்தனை ஆஸ்பத்திரி! யாருடைய நம்பரும் மனப்பாடம் கிடையாது. அந்தக் காலத்தில் இருபது முப்பது நம்பர் நாக்கு நுனியில் இருந்தது. இப்போது மகள் நம்பரைக்கூடப் போனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவி ஒன்றும் பேசவில்லை. செத்துப்போன சாக்கெட்டில் சார்ஜரைச் செருகுவதும் எடுப்பதும், மறுபடி செருகுவதுமாக இருந்தாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

சாத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீ மாஸ்டரிடம் கேட்டுப் போனைச் சார்ஜில் போட்டேன். பழைய போன், உயிர் வரவே பத்து நிமிடம் ஆனது. பேசும் அளவுக்கு ஏற இருபத்தைந்து நிமிடம். மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மச்சானை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைக்கப் போகிறார்களாம். உள்ளே போகும்வரை “தங்கச்சி வந்துட்டாளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நாங்கள் போனது அதற்குக் கால் மணி நேரம் கழித்து.

அவர் பிழைத்துவிட்டார். இப்போது காலையில் நடைப்பயிற்சி போகிறார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. வேறு மாதிரி ஆகியிருந்தால், டீக்கடையில் போன அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு என் மனைவியிடம் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

ஊருக்குத் திரும்பிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேரனைக் கூப்பிட்டு டார்ச்சைப் பிடிக்கச் சொன்னேன். குழிக்குள் வெளிச்சம் அடித்ததுமே, “தாத்தா, உள்ள ஒரு காசு கிடக்கு” என்றான்.

காண்டாமிருகம் போட்ட நாலணா. நான் ஞாபகத்துக்காகக் கியருக்கு முன்னால் இருக்கும் தட்டில் போட்டு வைத்திருந்த பழைய காசுகளில் ஒன்று. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாது என்று அறிவித்துவிட்ட காசு. சாக்கெட்டின் மூடி உடைந்து பல நாள் ஆகியிருந்தது. ஏதோ பிரேக் போட்டபோது காசு சறுக்கி உள்ளே விழுந்திருக்கிறது. நாலணாவின் குறுக்களவு 19 மில்லிமீட்டர். குழி அதைவிடக் கொஞ்சம்தான் அகலம். அளவெடுத்தது போல உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

அந்தக் குழியின் அடியில் நடுவே இருக்கும் குமிழ் பாசிட்டிவ். சுற்றிலும் இருக்கும் உலோகச் சுவர் நெகட்டிவ். காசு இரண்டையும் தொட்டால் நேரடி ஷார்ட். ஃபியூஸ் அந்த நொடியே போயிருக்கும். போகாமல் இருந்திருந்தால் வயர் எரிந்திருக்கும். செல்லாக்காசு என்று ஏளனமாகச் சொல்கிறோம், அது பார்த்த வேலையைப் பாருங்கள்!

பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது முழங்கால் படும் இடத்தில் இருந்த மூடியைத் திறந்தேன். கலர் கலராக ஃபியூஸ்கள். மூடியின் உட்புறம் படம் போட்டு ஆங்கிலத்தில் சுருக்கெழுத்துகள். ‘சாக்கெட்’ என்று தேடினால் எங்கேயும் இல்லை. பேரன்தான் ‘சிஐஜி’ என்று ஒன்று இருப்பதைக் காட்டினான். சிகரெட் லைட்டர் என்பதன் சுருக்கமாம். வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடிக்காத நான், சிகரெட் பெயரில் இருந்த என் சார்ஜர் ஃபியூஸை எப்படிக் கண்டுபிடிப்பேன்? பெட்டிக்குள்ளேயே இருந்த பிளாஸ்டிக் இடுக்கியால் அதைப் பிடுங்கினேன். நீல நிறம், 15 ஆம்ப்பியர். உள்ளே வளைந்திருக்கும் கம்பி நடுவில் அறுந்து கருகியிருந்தது.

ஃபியூஸ் கையில் இருப்பதால் குழியில் கரண்ட் கிடையாது. பென்சில் நுனியில் இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சுற்றிக் காசை எடுத்தோம். உதிரிபாகக் கடையில் பத்து ரூபாய்க்கு அதே நீல ஃபியூஸ் வாங்கிச் செருகினேன். சாவியைத் திருப்பியதும் சார்ஜரில் விளக்கு எரிந்தது. பக்கக் கண்ணாடியும் திரும்பியது. எங்கள் வண்டியில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவுதானாங்க?” என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்தக் கதையை நடைப்பயிற்சி நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர், “அண்ணாச்சி, நம்ம வயசுக்கு இதெல்லாம் தேவையா? காசைக் கொடுத்தா செஞ்சு தரப் போறான்” என்றார். நம்மில் பலருடைய எண்ணமும் இதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பழுது பார்ப்பது வேறு, பழுது என்னவென்று தெரிந்துகொள்வது வேறு. முன்னதைக் காசு கொடுத்து மற்றவரிடம் விடலாம். பின்னதையும் விட்டுவிட்டால், அவர் சொன்ன தொகை நியாயமா என்று கேட்கக்கூட நமக்கு வாய் இருக்காது. எனக்கு இல்லாமல்தான் போனது.

சர்வீஸ் பையனை நான் குறை சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது கழற்றி மாற்றுவதை மட்டும்தான். ஒரு வண்டிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்து வேலை வாங்கினால் டார்ச் அடித்துப் பார்க்க யாருக்கு நேரம்? நேரம் நம்மிடம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களிடம் வேறு என்ன இருக்கிறதோ இல்லையோ, நேரம் நிறைய இருக்கிறது.

ஆகவே சாக்கெட் வேலை செய்யவில்லை என்றால் என் அனுபவத்தில் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் சாவியைத் திருப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல வண்டிகளில் சாவி ஒரு கட்டம் திரும்பினால்தான் அதில் கரண்ட் வரும். அடுத்து, அதே சார்ஜரை வேறு வண்டியில் செருகிப் பாருங்கள். நான் தண்டமாக இன்னொரு சார்ஜர் வாங்கியதைப் போல நீங்களும் வாங்க வேண்டாம். அங்கே எரிந்தால் சார்ஜர் நல்லது. மூன்றாவது, சாவியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். காசு, ஹேர்பின், ஊக்கு, ஜிகினாத் தாள், உடைந்த சார்ஜர் நுனி எது வேண்டுமானாலும் இருக்கலாம். விரலையோ ஸ்க்ரூ டிரைவரையோ உள்ளே விடாதீர்கள். நான்காவது, வேறு எதெல்லாம் சேர்ந்து வேலை செய்யவில்லை என்று யோசியுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து போயிருந்தால் ஃபியூஸ்மேல்தான் முதல் சந்தேகம். ஐந்தாவதாக ஃபியூஸ் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே இல்லையென்றால் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பானட்டுக்குள்ளும் தனியாக ஒன்று இருக்கும். எந்த ஃபியூஸ் எதற்கு என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கிறது. குழியில் ஏதாவது கிடந்தால் அதை எடுத்த பிறகுதான் புது ஃபியூஸ் போட வேண்டும். இல்லையென்றால் அதுவும் போய்விடும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. எந்த ஃபியூஸ் போனதோ அதே அளவுதான் போட வேண்டும். சிவப்பு 10 ஆம்ப்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் கிடைக்கவில்லை என்று மஞ்சளைப் போடாதீர்கள். “பெரிசா போட்டா அடிக்கடி போகாது” என்று சொல்லுபவர்கள் இருக்கிறார்கள். போகாது, வாஸ்தவம்தான். ஃபியூஸ் போகாமல் வயர் போகும். உள்ளே ஓடும் வயர் எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்று பார்த்துத்தான் ஃபியூஸின் அளவை வைத்திருக்கிறார்கள். ஃபியூஸ் காப்பது அந்த வயரை. அது போக வேண்டிய நேரத்தில் போகவில்லை என்றால் கார்ப்பெட்டுக்குக் கீழே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வயரின் மேலுறை உருகத் தொடங்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் ஒரு கிராமத்து மாவு மில். அடிக்கடி ஃபியூஸ் போகிறது, வயர்மேன் வரத் தாமதமாகிறது என்று, பீங்கான் கட்டையில் மெல்லிய கம்பி கட்ட வேண்டிய இடத்தில் தடிமனான செப்புக் கம்பியை மூன்று சுற்றாக முறுக்கிக் கட்டிவிட்டார் முதலாளி. பிறகு ஒரு தடவைகூட ஃபியூஸ் போகவில்லை. ஒரு நாள் மீட்டர் பலகையே எரிந்து, கூரையைத் தொடும் நேரத்தில் ஆட்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். அவரிடம் நான் அரை மணி நேரம் கத்தினேன். அம்பாசடர் காலத்து டிரைவர்கள் கண்ணாடி ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றி ஓட்டியதும் இதே கதைதான். அன்றைக்கு அவசரத்துக்குச் செய்தார்கள், பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள்.

புது ஃபியூஸும் உடனே போனால் அதோடு நிறுத்திவிடுங்கள். உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, அது கார் எலக்ட்ரீஷியன் வேலை. மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள். அது ஏர்பேக் சம்பந்தப்பட்டதாக இருக்கும். பேட்டரி வண்டி, ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர் உயர் வோல்டேஜ், பக்கத்திலேயே போகக் கூடாது. முழங்கால் மடக்கிக் குனிய முடியாதவர்கள் பேரனையோ பேத்தியையோ குனியச் சொல்லி நீங்கள் டார்ச்சைப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் ஆகும்.

ஃபியூஸ் போனதற்குக் காரணம் தெரியாமல் விடுவதும் தப்பு. பெரும்பாலும் காரணம் நம்மிடமே இருக்கும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மெஷினை இதில் செருகுகிறோம், கூடவே ஒன்றை மூன்றாக்கும் பிளக்கில் இரண்டு சார்ஜர். பல சாக்கெட்டுகளின் மூடியில் 120 வாட் என்று போட்டிருக்கும். 12 வோல்ட்டுக்கு அது 10 ஆம்ப்பியர். காற்றடிக்கும் மெஷின் ஒன்றே ஏறத்தாழ அவ்வளவையும் இழுத்துவிடும். அது ஓடும்போது வேறு எதையும் செருகாதீர்கள். குழியின் மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். சில்லறை போடும் தட்டைச் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கார் கம்பெனிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் கார்களைத் தயாரிக்கிறீர்கள், தமிழ்நாட்டில் விற்கிறீர்கள். ஃபியூஸ் பெட்டி மூடியில் தமிழில் பத்து வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? என் வண்டியின் கையேடு முந்நூறு பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் ஓரளவு படித்த நானே ‘சிஐஜி’யில் தடுக்கி விழுந்தேன். வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் டிரைவர் என்ன செய்வார்? முழுக் கையேட்டையும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த அளவு, எதைத் தொடக் கூடாது என்று ஒரு பக்கம் தமிழில் கொடுங்கள். சோப்பு டப்பாவிலும் மாத்திரை அட்டையிலும் படிக்க முடியாத எழுத்தில் போடுவது போல இல்லாமல், நம் வயதுக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கொடுங்கள்.

அதுவரை நாமே ஒன்று செய்யலாம். நான் ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியில் ஒட்டிவிட்டேன். ‘சார்ஜர், கண்ணாடி – நீலம் 15’, ‘ஹாரன்’, ‘வைப்பர்’ என்று வரிசையாக. ஒவ்வொரு அளவிலும் இரண்டு ஃபியூஸ், ஒரு சின்ன டார்ச், நெருங்கிய ஐந்து பேரின் நம்பர் எழுதிய அட்டை, மூன்றையும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். நம்பர் அட்டை என் மனைவியின் யோசனை.

அந்த நாலணா இப்போது பூஜை அறையில் இருக்கிறது. அவள்தான் கொண்டு போய் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.